துடக்கும் தாயின் பிரார்த்தனையும்

கொழும்பில் 1879ஆம் ஆண்டு சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் மகப்பேற்று மனையொன்று திறக்கப்பட்டபோது, வைத்தியசாலையிற் பிள்ளை பெறுதல் இந்நாட்டில் அரிய செயலாகவே இருந்தது. இன்று வீட்டிற் பிறக்கும் குழந்தையைக் காண்பதுதான் அரிது. இம்மாற்றத்தினாற் காக்கப்பட்ட உயிர்கள் பல. ஆயினும், அருகிருந்து தெய்வத்தை அழைத்த பாட்டியும், நெற்றியிற் பூசிய திருநீறும் வைத்தியசாலை வாயிலோடு நின்றுவிட்டன.

பிள்ளை சுகமே பிறந்தால் இக்குறை தோன்றாது. 37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தை வேறோர் அறையிற் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க, பக்கத்துக் கட்டிற் குழந்தைகளின் அழுகுரலைக் கேட்டபடி தாய் தனியே விழித்திருக்கும் இரவிலேதான் அது பெரிதாகத் தோன்றும். "நான் என்ன பிழை செய்தேன்?" என்று அவள் கேட்கிறாள். அதற்கு மருந்து எழுத இயலாது.

சைவத் தாய்க்கு இன்னுமொரு துன்பம் உண்டு. 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை கோயிலுக்குப் போகலாகாது என்னும் வழக்கத்தை, கடவுளை நினைக்கவும் ஆகாது என்று பலர் விளங்கிக்கொள்கின்றனர். ஆறுதல் மிக வேண்டிய நாளிலே அவளாகவே வாயை மூடிக்கொள்கிறாள். துடக்கு ஆலயத்துக்கும் பூசைக்கும் உரியது. நெஞ்சுக்கு ஏது துடக்கு? இஸ்லாத்திலும் பேற்று உதிரம் நிற்கும்வரை தொழுகை கடமையன்று. துஆக் கேட்பதற்கோ தடையில்லை.

கத்தோலிக்கத் தாயின் அச்சம் வேறு. ஞானஸ்நானம் பெறாமலே குழந்தை இறந்துவிடுமோ என்று அவள் நடுங்குவாள். உயிராபத்து வேளையில், திருச்சபையின் கருத்தோடு எவரும், பிற சமயத்துத் தாதியுங்கூட, நீர் வார்த்துத் திரித்துவ நாமத்தால் அதனை வழங்கலாம். இதை அறிந்த தாதியொருத்தி விடுதியில் இருப்பது எத்துணை உதவி!

தாதி சமயம் போதிக்க வேண்டியதில்லை, அது தகாது. "யாரையாவது கூப்பிட வேண்டுமா, அம்மா?" என்று கேட்டாற் போதும். நோய்க்கிருமி அஞ்சிக் குழந்தைக்குத் திருநீறு பூச விடாவிட்டாலும், அப்பொட்டலம் தாயின் தலையணையடியில் இருக்கலாமன்றோ?

குழந்தை இறந்துவிட்டால், "கண்டால் தாங்கமாட்டாள்" என்று பெரியவர்கள் முகத்தைக் காட்டாமலே கொண்டுபோய்ப் புதைத்துவிடுகின்றனர். அன்பினாற் செய்வதுதான். ஆயினும், பார்க்க விரும்புகிறாளா என்று முதலில் அவளிடமே கேட்க வேண்டும். விரும்பினால், மடியிற் கிடத்திப் பெயர் சொல்லி அழைக்கச் சிறிது நேரம் விட வேண்டும்.