மலையே இல்லாத சீமையில் மலையேற்றம்! தெரியுமா?

மலையேறக் கிளம்புகிறவர்கள் வெள்ளியங்கிரி போவார்கள், பர்வதமலை போவார்கள். காவிரிப் படுகைக்கு யாராவது போவார்களா? கண்ணுக்கெட்டிய தூரம் வயல், வரப்பு, வாய்க்கால். மடையைத் திறந்தால் தண்ணீர் தானாக ஓடும் அளவுக்குத்தான் சரிவு. ஆனால் செங்குத்தான படி, பழைய கதை, உச்சியில் கடல் காட்சி என்று மலைப்பாதையில் நீங்கள் தேடும் எல்லாமே இங்கே உண்டு. எப்படி? இல்லாத மலையை இந்த ஊர்க்காரர்கள் கட்டிக்கொண்டார்கள்!

60 படி, 60 வருடம்!
முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்றான சுவாமிமலை இயற்கையான மலை அல்ல, 'கட்டுமலை'. தெரியுமா? கீழே மீனாட்சி சுந்தரேசுவரர், மேலே சுவாமிநாதர், நடுவில் 60 படிகள். பிரபவ முதல் அட்சய வரை படிக்கு ஒரு தமிழ் வருடம்! அறுபதாம் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தாத்தாவும் சில நிமிடங்களில் தன் ஆயுளை ஒரு சுற்று ஏறி முடித்துவிடலாம். உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம், வெறுங்காலுக்குக் கருங்கல் படி சுடும்.

யானைக்கு அனுமதி இல்லை!
கோச்செங்கட் சோழன் முற்பிறவியில் சிலந்தி. திருவானைக்காவில் சிவலிங்கத்துக்கு மேல் பின்னிய வலையை ஒரு யானை கலைத்துக்கொண்டே இருந்ததாம். அந்தக் கோபத்தை மறுபிறவியிலும் மறக்காமல், யானை ஏறவே முடியாதபடி உயர்ந்த மேடையும் குறுகிய படியும் வைத்துக் கோயில் கட்டினான் என்கிறது தலபுராணம். அவைதான் மாடக்கோயில்கள். அவன் கட்டியவை எழுபது என்று திருமங்கையாழ்வாரே கணக்குச் சொல்கிறார்!

மூன்றடுக்கில் மூன்று சிவன்!
சீர்காழியில் கீழே பிரம்மபுரீசுவரர், படியேறினால் தோணியப்பர், இன்னும் ஏறினால் சட்டைநாதர். ஊழி வெள்ளத்தில் உலகமே மூழ்கியபோது சிவன் தோணியில் வந்து தங்கிய இடம் இது என்பது ஐதீகம். கடலோரத் தாழ்நிலத்துக்காரர்கள் வெள்ளம் என்றதும் ஒரு மேட்டைத்தானே நினைப்பார்கள்!

தெற்கே ஒரு மேரு!
தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் 216 அடி. ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், அதன் உச்சிக்குக் கலசம் தந்தான். கோயிலின் செப்புத் திருமேனி ஒன்றுக்கே 'தட்சிணமேரு விடங்கர்' என்று பெயர். வடக்கே இருக்கும் மேருமலைக்குத் தெற்கே ஒரு ஜோடி! சரி, விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே? விழும். சாயங்காலம் போய்ப் பாருங்கள்.

மாலுமிகளுக்கு மலை எது?
தட்டையான கரையில் கப்பல்காரன் எதை வைத்து ஊரை அடையாளம் காண்பான்? கோபுரத்தை வைத்துத்தான்! நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையின் செங்கல் கோபுரம் இடிபாடாக நின்ற காலத்திலும் மாலுமிகளுக்கு வழிகாட்டியது. 1867-இல் அதை இடித்துவிட்டார்கள். பக்கத்து நாகூர் தர்காவில் இன்றும் ஐந்து மினாராக்கள் நிற்கின்றன. அவற்றில் பெரியது 131 அடி. அதை எழுப்பியவர் யார் தெரியுமா? தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்!

நெப்போலியனுக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் என்ன சம்பந்தம்?
மல்லிப்பட்டினம் அருகே, கடலைப் பார்த்தபடி எட்டு நிலைகளோடு நிற்கிறது மனோரா. அறுகோண வடிவம், சுமார் 75 அடி உயரம், சுற்றிலும் மதிலும் அகழியும். 'மினார்' என்ற சொல்தான் நம் வாயில் மனோரா ஆனது. ஆங்கிலேயரிடம் நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய நினைவுக் கோபுரம் இது. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்று பலரும் சொல்வார்கள். கல்வெட்டைக் குனிந்து பாருங்கள்: ஆண்டு 1814! வாட்டர்லூ போர் நடந்ததோ 1815 ஜூன் 18-இல். நெப்போலியன் முதல்முறை முடிதுறந்ததுதான் 1814. அவன் எல்பா தீவிலிருந்து தப்பி மறுபடியும் படை திரட்டுவான் என்று தஞ்சாவூருக்கு எப்படித் தெரியும்?

எதிரே தெரியும் கடலில் யார் இருக்கிறார்கள்?
மனோராவுக்கு முன்னால் விரிவது பாக் விரிகுடா. அலை அதிகம் இல்லை, ஆழமும் இல்லை. அடியில் கடற்புல் மேய்கிறது ஆவுளியா, அதாவது கடற்பசு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல்!

கடைசியாக ஒரு மேடு!
கோடியக்கரைக் காட்டில் உள்ள ராமர் பாதம் வெறும் மணல்மேடுதான். ஆனால் அந்த வட்டாரத்துக்கே அதுதான் உச்சி! இலங்கை இருக்கும் திசையை ராமன் நின்று பார்த்த இடம் என்று, கல்லில் வடித்த பாதங்களைக் காட்டுகிறார்கள்.

அடுத்த விடுமுறைக்கு மலை தேடி வெகுதூரம் போக வேண்டாம். காலையில் சுவாமிமலை, சாயங்காலம் மனோரா என்று வைத்துக்கொள்ளுங்கள். மனோராவில் எத்தனை நிலை வரை ஏற விடுகிறார்கள் என்பதை மட்டும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற விடாவிட்டாலும் கவலையில்லை, கடல் கீழே நின்றாலே தெரியும்!