ஈயை ஏமாற்றும் நட்சத்திரப் பூ

வெறுமனே பார்த்தால் ஒரு சாண் உயரத்தில் நாலு பட்டை வைத்த பச்சைத் தண்டுகள். முள்ளும் இல்லை, பெயர் சொல்லும்படி இலையும் இல்லை. அவற்றின் அடியில் ஒரு மொட்டு கிளம்பி, பலூன் போல நாளுக்கு நாள் ஊதி, ஐந்து தையலில் பிரிந்து விரியும்போதுதான் ஸ்டபீலியா ஜைகான்டியா என்ன செடி என்று தெரியும். பூவின் அகலம் 25 சென்டிமீட்டருக்கும் மேலே போகும். வெளிர் மஞ்சள் தோலில் குறுக்கும் நெடுக்குமாகக் கருஞ்சிவப்புக் கோடுகள், அவற்றின் மேல் மெல்லிய ரோமம். அழகுதான் என்று குனிந்து முகர்ந்தால் அழுகின இறைச்சி நாற்றம்!

தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, மொசாம்பிக் நாடுகளின் வறண்ட பாறைச் சரிவுகள் இதன் தாயகம். இந்தக் கூட்டத்துச் செடி ஒன்றை 1624-ல் நன்னம்பிக்கை முனையில் பார்த்து வரைந்துவைத்தவர், கிழக்கே பயணம் போய்க்கொண்டிருந்த டச்சுப் பாதிரியார் யுஸ்டஸ் ஹியூர்னியஸ். லண்டன் கியூ தோட்டம் 1772-ல் அங்கே அனுப்பிய பிரான்சிஸ் மேசன் இவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, பின்னாளில் ஸ்டபீலியாக்களுக்கென்றே படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார்.

நாற்றத்துக்குக் காரணம் டைமெத்தில் டைசல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள். செத்த விலங்கு அழுகும்போது கிளம்புபவையும் இவைதான். பச்சையும் நீலமுமாக மினுங்கும் இறைச்சி ஈக்கள் வாசனை பிடித்து வருகின்றன. நிறமும் ரோமமும் சேர்ந்து பூவைச் செத்த விலங்கின் தோலாகவே காட்ட, சில ஈக்கள் அங்கேயே முட்டையிடும். புழுக்களுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது, பட்டினியில் சாகும். பூவின் நடுவில் நடக்கும் ஈயின் காலோ வாயுறுப்போ ஒரு குறுகிய பள்ளத்தில் சிக்கும். உருவி எடுக்கும்போது மகரந்தம் தூளாக அல்ல, மெழுகுப் பைகளாக, ஒரு சிறு கவ்வியோடு ஒட்டிக்கொண்டு வரும். எருக்கம்பூவிலும் இதே ஏற்பாடுதான். இரண்டும் ஒரே குடும்பம். காய்த்தால் இரட்டைக் கொம்பு போல நீண்டு, வெடித்து, எருக்கு விதை போலவே பட்டுப்பஞ்சோடு பறக்கும்.

வீட்டில் வளர்க்க ஒரு துண்டு தண்டு போதும். கணுவில் ஒடித்து, வெட்டுவாய் காயும்வரை நாலைந்து நாள் நிழலில் போட்டுவைத்துப் பிறகு நட வேண்டும். அடியில் ஓட்டையுள்ள, ஆழம் குறைந்த மண்தொட்டி நல்லது. தோட்டமண்ணில் சரிபாதி பருமணலோ பொடிக்கல்லோ கலக்கலாம். காலை வெயில் படட்டும். உச்சி வெயில் நேராக விழுந்தால் தண்டு சிவந்து சுருங்கும்.

தண்ணீரில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். இந்தச் செடி பகலில் துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்து, மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் மாவுச்சத்தாக்கும். பகல் வெயிலில் நீரை வெளியே விடாததால் அது மண்ணிலிருந்து உறிஞ்சுவதும் குறைவு. தினம் ஊற்றினால் மண் காயாது. வேர் மூச்சுத் திணறும், பூஞ்சை புகும், தண்டு அடியிலிருந்து கறுத்துக் கூழாகும். விரலை விட்டுப் பார்த்து மண் அடிவரை காய்ந்தபின் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்குள் நகர்த்திவிடுங்கள். கறுத்த தண்டை நல்ல பகுதிவரை வெட்டி எறிந்து, மிச்சத்தைக் காயவைத்து மறுபடி நடலாம். கணுக்களில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால் சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும்.

இதற்கு நம்மூர் உறவும் உண்டு. வறண்ட காடுகளிலும் வேலியோரங்களிலும் முளைக்கும் கள்ளிமுளையான் இதே கூட்டம். கிராமங்களில் துவையல் அரைக்கும் அதே தண்டுதான். அதைத் தொட்டியில் வளர்க்க ஆசையிருந்தால் காட்டில் வேரோடு பிடுங்காதீர்கள்; வளர்ப்பவரிடம் ஒரு தண்டு கேட்டு வாங்குங்கள். ஸ்டபீலியா பூத்திருக்கும் இரண்டு மூன்று நாளைக்குத் தொட்டியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். ஈ மொய்க்கிறதே என்று பூச்சிமருந்து மட்டும் அடிக்க வேண்டாம். ஈ வந்தால்தான் காய் உண்டு.