பாண்டி ஆடிய கால்கள்

சென்ற வருஷம் என் மகள் பெரியவளானாள். சடங்கு முடிந்து பந்தல் பிரித்த மறுநாளே என் அம்மா ஆரம்பித்து விட்டாள்.

"இனிமே அந்தக் கராத்தே கிராத்தே எல்லாம் வேணாம். வயசுக்கு வந்த புள்ள கையையும் காலையும் வீசிக்கிட்டு நின்னா ஊர்ல என்ன பேசுவாங்க?"

மகள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வெள்ளைக் கராத்தே உடையை மடித்து, பெட்டியில் எல்லாத் துணிக்கும் அடியில் வைத்தாள். எனக்குச் சுரீரென்றது. ஏனென்றால், இதே பூதலூரில், இதே வீட்டில், நானும் அந்த வயதில் ஒன்றை இப்படித்தான் ஒளித்து வைத்தேன். பாண்டி ஆடும் சில்லு! உடைந்த ஓட்டைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய சில்லு.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டுத் தெருவில் கட்டம் போடுவோம். பாவாடையைத் தூக்கிச் செருகிக் கொண்டு ஒற்றைக் காலில் தாவ வேண்டும். கோட்டை மிதித்தால் ஆட்டம் போச்சு! மழை நாட்களில் திண்ணையில் பல்லாங்குழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. நான்கு சேர்ந்தால் 'பசு' என்று கத்திக் கொண்டு அள்ளுவோம். அஞ்சாங்கல்லும் உண்டு.

நான் பெரியவளான பிறகு பல்லாங்குழிக்குத் தடையில்லை. அஞ்சாங்கல்லுக்கும் தடையில்லை. பாண்டிக்கு மட்டும் தடை! உட்கார்ந்து ஆடலாம், நின்று ஆடக்கூடாது. அன்று ஏனென்று கேட்கத் தெரியவில்லை. இன்று என் பெண்ணுக்காகக் கேட்காவிட்டால் எப்படி?

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வகுப்பு தப்பியது. நான்காவது ஞாயிறு, "வா, கிளம்பு" என்று பாசஞ்சர் ரயிலில் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். வழக்கம்போல் வராந்தாவில் உட்கார்ந்தேன். மாஸ்டர் சிரித்துக் கொண்டே, "சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க? நீங்களும் வந்து நில்லுங்களேன்மா" என்றார். நாற்பதைத் தாண்டிய நான், சுடிதாரும் துப்பட்டாவுமாகப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றேன். சிரிக்காதீர்கள்!

கராத்தே என்றால் ஓடு உடைப்பதும் ஆளை அடிப்பதும்தான் என்று நினைத்திருந்தேன். அதில் 'கட்டா' என்று ஒன்று இருக்கிறது. எதிரே ஆள் கிடையாது. இருப்பதாக நினைத்துக் கொண்டு, தடுப்பதையும் குத்துவதையும் திரும்புவதையும் வரிசை மாறாமல் செய்ய வேண்டும். நம் சிலம்பத்தில் கம்பு சுற்றுமுன் காலடி வரிசை பழகுகிறார்களே, அது மாதிரி.

ஜப்பானின் ஒகினாவா தீவில் இட்டோசு என்ற ஆசிரியர் 1900களின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக எளிமைப்படுத்திய வரிசைகள் இவை. அவரிடம் பயின்ற பள்ளி ஆசிரியர் ஃபுனாகோஷி 1922-இல் தோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைப் பரப்பினார். இந்த வரிசைகளுக்கு 'ஹெய்யான்' என்று பெயர் மாற்றியவரும் அவரே. அமைதி என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

முதல் கட்டாவில் 21 அசைவுகள். இடப் பக்கம் திரும்பிக் கீழ்த் தடுப்பு, ஓரடி முன்வைத்து ஒரு குத்து, பிறகு அப்படியே பின்பக்கம் திரும்பல். முடியும்போது புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். நம் பாண்டியிலும் போனவள் திரும்பி வந்தால்தானே பழம்!

முதல் நாள் கை எனக்குச் சொன்னபடி கேட்கவில்லை. ஆனால் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுத் திரும்பும் இடம் வந்தபோது, கால் தடுமாறாமல் திரும்பியது. முப்பது வருஷமாக அடுப்படியையும் கிணற்றடியையும் மட்டுமே சுற்றிய கால்! பாண்டியை அது மறக்கவேயில்லை பாருங்களேன்.

இதை ஆசைக்காக மட்டும் சொல்லவில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தினமும் சராசரி 60 நிமிஷமாவது நன்கு ஓடியாடும் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்பு பலம் சேர்வது பெரும்பாலும் வளரும் வயதில்தான். தாவுவதும் குதிப்பதும் அதற்கு உதவும். அந்த வயதில்தான் நாம் பெண்ணை உட்கார வைக்கிறோம்! மாதவிலக்கு நாட்களில்கூட உடம்பு ஒத்துழைத்தால் பயிற்சி செய்யலாம். வலியோ அசதியோ இருந்தால் ஓய்வு எடுக்கட்டும்.

நமக்கும் வயது ஒரு சாக்கில்லை. 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டாவில் தங்கம் வென்ற ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39. மூட்டு வலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக் கொண்டு ஆரம்பியுங்கள். முழங்காலை அதிகம் மடக்காமல், மெதுவாகவே செய்யலாம். ஒரு கட்டாவுக்கு ஒரு நிமிஷம் போதும். முற்றம் அளவு இடம் போதும்.

இப்போது நானும் மகளும் தினமும் விடியற்காலையில் முற்றத்தில் பழகுகிறோம். முதலில் அம்மா முகத்தைத் திருப்பிக் கொண்டு போனாள். பிறகு காப்பி டம்ளரோடு தூண் ஓரம் உட்கார ஆரம்பித்தாள். போன வாரம் பேத்தி திரும்பும்போது சற்றுத் தடுமாறினாள்.

"காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வையிடி. சேத்துல நின்னு நாத்து நடறப்ப நாங்க அப்படித்தான் நிப்போம், விழமாட்டோம்" என்றாள் அம்மா.

"சரி, அம்மாச்சி" என்று காலை அகட்டினாள் மகள். விழவில்லை!

தோழியரே, உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கராத்தேதான் என்றில்லை; பாண்டியோ, கோலாட்டமோ, சிலம்பமோ இருக்கட்டும். அவள் பெரியவளாகும் நாளில் புதுப் பாவாடை தாவணி வாங்கிக் கொடுங்கள், நகை போட்டு அழகு பாருங்கள். அவள் கையிலிருக்கும் சில்லை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள்.