எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிரும் ஆழ்கடல் அழுத்தமும்

(வானொலி வேளாண் உரை)



எம். புதுப்பட்டி வட்டாரத்திலே கிணத்து மேட்டில் டீசல் எஞ்சின் வைத்து இறைப்பவர்கள் உண்டு. எஞ்சினிலிருந்து மேட்டு மண்ணில் சொட்டுகிற எண்ணெய் நாளாவட்டத்தில் குறைந்துபோகும். கிணற்றின் அடிச்சேற்றில் சேர்ந்த எண்ணெயோ லேசில் போகாது. ஏன் இந்த வித்தியாசம்?

எண்ணெயில் கொஞ்சம் ஆவியாகும். மீதியைத் தின்று தீர்ப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். மண்ணிலும் உண்டு, கடலிலும் உண்டு. எண்ணெய் அவற்றுக்கு இரை. ஆனால் இரை மட்டும் போதுமா? குப்பைக் குழியில் வெறும் வைக்கோலைப் போட்டால் மக்காது. சாணம் சேர்த்து, ஈரம் கொடுத்து, கிளறிவிட்டால்தான் மக்கும். அதே கதைதான் இங்கேயும். காற்று, தழைச்சத்து, மணிச்சத்து, ஈரம், வெதுவெதுப்பு எல்லாம் வேண்டும்.

2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கொட்டிப்போனது. கரையில் ஒதுங்கிய கசடை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். மீனவர் பிழைப்புக் கெட்டது. அள்ளிய கசடைக் குழியில் போட்டு, நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்க ஏற்பாடு செய்தார்கள். சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடல் நுண்ணுயிர்களைக் கோதுமைத் தவிட்டில் ஏற்றி, கச்சா எண்ணெயைச் சிதைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது.

இதெல்லாம் கரையிலும் கடலின் மேல்மட்டத்திலும் நடக்கிற காரியம். ஆழ்கடலில் எண்ணெய் கசிந்தால்?

தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கூடும். கிணற்றில் முக்குளித்தால் காது அடைக்கிறதே, அதுதான். 1500 மீட்டர் ஆழத்தில் இது 150 கிலோ. 75 கிலோ நெல் மூட்டை இரண்டைக் கட்டைவிரல் நகத்தின்மேல் ஏற்றினாற்போல!

நுண்ணுயிரின் உள்ளேயும் நீர்தான் என்பதால் அது நசுங்கிவிடாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள மெல்லிய கொழுப்புத் தோல் இறுகிப்போகும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தோல் இறுகினால் இரை உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் தடைப்படும். மேல்மட்டக் கடலில் எண்ணெய் தின்னும் 'அல்கனிவோராக்ஸ்' என்ற நுண்ணுயிரை ஆய்வுக்கூடத்தில் ஆழ்கடல் அழுத்தத்தில் வைத்துப் பார்த்தபோது, அதன் வளர்ச்சி குன்றிப்போனது.

ஆழத்திலேயே வாழ்கிறவை வேறு ரகம். அவற்றின் தோல் நல்லெண்ணெய் போல, குளிரிலும் அழுத்தத்திலும் இளகியே இருக்கும். 2010-ல் அமெரிக்காவை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாவில், சுமார் 1500 மீட்டர் ஆழத்தில் எண்ணெய்க் கிணறு வெடித்து, 87 நாள் எண்ணெய் பீறிட்டது. 1100 மீட்டர் ஆழத்தில், 5 டிகிரிக் குளிரிலும், எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகியிருந்ததைக் கண்டார்கள். ஆனாலும் எல்லாவற்றையும் அவை தின்றுவிடவில்லை. ஒரு பங்கு எண்ணெய் கடலடிச் சேற்றில் படிந்துவிட்டது.

நம் வங்கக் கடலிலும், காக்கிநாடாவுக்கு அப்பால், 2024 ஜனவரியில் ஆழ்கடல் எண்ணெய் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே இது எங்கோ நடக்கிற சங்கதி அல்ல.

உங்கள் கிணற்றில் ஆழ்கடல் அழுத்தம் கிடையாது. ஆனால் அடிச்சேற்றில் காற்றில்லை. நுண்ணுயிருக்கு அதுவே பெரிய முட்டுக்கட்டை. எண்ணெயைக் கீழே இறங்கவிடாமல் மேலேயே மடக்குவதுதான் கெட்டிக்காரத்தனம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. எஞ்சினுக்கு அடியில் தகரத் தட்டு வையுங்கள்.

2. எண்ணெய் சிந்தினால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். அது கிணற்றுக்குத்தான் போகும். மரத்தூளோ மண்ணோ தூவி அள்ளிவிடுங்கள்.

3. அள்ளிய மண்ணைக் கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்ட, தார்ப்பாய் மேல் பரப்பி, மக்கிய தொழுவுரம் கலந்து, ஈரம் காயாமல் அடிக்கடி கிளறுங்கள். நுண்ணுயிர் வேலையைப் பார்த்துக்கொள்ளும். எண்ணெய் வாடை அடிக்கிறவரை அந்த மண்ணை வயலில் போட வேண்டாம்.

4. எண்ணெய் மண்ணைக் கொளுத்தாதீர்கள். பட்டாசுத் தொழில் நடக்கிற பகுதி. ஒரு பொறி போதும்.

5. கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தால், ஆளுக்கும் மாட்டுக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

நுண்ணுயிர் நமக்கு நல்ல கூலியாள். அது வேலை செய்யக்கூடிய இடத்தில் வேலையைக் கொடுப்பது நம் பொறுப்பு.