திருத்தி திறக்கும்போதே பிழையா?

யூனிக்ஸிலும் அதன் வழியில் வந்த லினக்ஸிலும் எழுதவும் திருத்தவும் நாம் பயன்படுத்தும் 'விம்' என்னும் உரைதிருத்தி, 1976-இல் பில் ஜாய் எழுதிய 'விஐ' என்பதைப் பின்பற்றி, 1991-இல் பிராம் மூலெனார் என்ற டச்சுக்காரர் வெளியிட்டது. ஒருநாள் அதைத் திறந்ததும், நம் கட்டுரைக்குப் பதிலாக "12-ஆம் வரி, இ492, இது திருத்தியின் கட்டளை அன்று" என்று ஆங்கிலத்தில் செய்தி வந்தால் நெஞ்சு பதறத்தான் செய்யும். தட்டியதெல்லாம் போயிற்றே என்று கண் கலங்கியவர்களும் நம்மில் உண்டு. உண்மையில் கட்டுரைக்கு ஒரு கேடும் இல்லை. பழுது வேறொரு கோப்பில் இருக்கிறது.

திருத்தி எழுந்ததும் நம் கட்டுரைக்கு முன்பாக '.விம்ஆர்சி' என்ற கோப்பைப் படிக்கிறது. வரி எண் காட்டு, நிறம் கொடு என்பன போன்ற நம் விருப்பங்கள் அதில்தான் உள்ளன. பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் தென்படாது. 'எல்எஸ் -ஏ' என்று கேட்டால் தென்படும். புரியாத வரி வந்தால் திருத்தி அதைக் குறித்துச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஆகவே என்டர் விசையை அழுத்தினால் பெரும்பாலும் நம் கட்டுரை வந்துவிடும்.

பிழைகள் பல வந்தால் முதலாவதை முதலில் பார்க்க வேண்டும். மற்றவை அதன் பிள்ளைகளாக இருக்கலாம். வரி எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 'இஃப்' என்று தொடங்கியதை 'என்டிஃப்' என்று முடிக்க மறந்தால், மறந்த இடம் நடுவில் இருக்க, திருத்தியோ கோப்பின் கடைசி வரியில்தான் குறை சொல்லும்.

மிகவும் அலைக்கழிப்பது வேறொன்று. விண்டோஸ் கணிப்பொறியிலிருந்து அந்தக் கோப்பை நகலெடுத்து வந்தால், சரியான வரிகளும் வெற்று வரிகளும்கூடப் பிழையாகும்; செய்தியின் முடிவில் '^எம்' என்ற குறி நிற்கும். தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்தால் உருளையை ஓரத்துக்குத் தள்ளுவதும், தாளை மேலேற்றுவதும் இரு செயல்கள் அல்லவா? விண்டோஸ் அவ்விரண்டுக்கும் இரு குறிகள் இடுகிறது. யூனிக்ஸுக்கு இரண்டாவது மட்டும் போதும். முதலாவதைக் கட்டளையின் பகுதியென்று எண்ணித் தடுமாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத குறியைத் தேடி மணிக்கணக்கில் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் மீது நமக்கு இரக்கமே வருகிறது.

இதற்கு 'விம் --கிளீன் .விம்ஆர்சி' என்று ஆங்கில எழுத்தில் தட்டித் திறக்க வேண்டும். அப்போது திருத்தி நம் விருப்பங்களைப் படிக்காமல், அக்கோப்பையே சாதாரண உரையாகக் காட்டும். பிறகு ':செட் ஃபைல்ஃபார்மட்=யூனிக்ஸ்' என்று கொடுத்துச் சேமித்தால் அந்தக் குறிகள் நீங்கிவிடும்.

பழுது எங்கே என்று தெரியாவிட்டால், கோப்பின் நடுவில் 'ஃபினிஷ்' என்று ஒரு வரி எழுதுவோம். அதற்குக் கீழுள்ளதைத் திருத்தி படிக்காது. பிழை இன்னும் வந்தால் மேற்பாதியில் தேடலாம், வராவிட்டால் கீழே. அவ்வாறே பாதி பாதியாகக் குறைத்தால், நூறு வரியானாலும் ஏழு முறைக்குள் அகப்படும். எரிச்சலில் கோப்பையே அழித்துவிட வேண்டாம். தொடுமுன் ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்லது.

எந்தக் கோப்பையும் குறிப்பிடாமல் விம்மைத் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு வேண்டும் ஆங்கில வரி ஒன்று திரையின் நடுவே தோன்றும். அதையும் பிழைச் செய்தி என்று அஞ்சியவர் உண்டு! மூலெனார் 1994-இல் அந்நாட்டின் கிபாலே என்ற ஊரில் தொண்டு செய்தவர். 2023-இல் இறந்த அவர், விம்மை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்துவோரிடம் அவ்வூர்க் குழந்தைகளுக்காகவே கையேந்தினார்.