மினுக் மினுக் சூப்பர்மேன்

குழந்தைகளே, சூப்பர்மேனால் என்னென்ன முடியும்? பறப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பார்ப்பான். உடைந்த பாலத்தைத் தூக்கி நிறுத்துவான். ஆனால் 1979-இல் வந்த ‘சூப்பர்மேன்’ வீடியோ கேமில் ஒரு சங்கடம் இருந்தது. ஒரே திரையில் இரண்டு உருவங்களுக்கு மேல் சேர்ந்தால் போதும், படம் மினுக் மினுக்கென்று சிமிட்ட ஆரம்பித்துவிடும். இத்தனை பலசாலிக்கு ஏன் இந்தக் கதி?

முதலில் கதையைக் கேளுங்கள். லெக்ஸ் லூதர் என்ற வில்லன் பாலத்தைத் தகர்த்துவிடுகிறான். பத்திரிகை நிருபராக வேடமிட்டிருக்கும் கிளார்க் கென்ட் ஓடிப்போய் டெலிபோன் கூண்டுக்குள் நுழைந்து சூப்பர்மேனாக வெளியே வருகிறான். பாலத்தின் மூன்று துண்டுகளைத் தேடிச் சேர்க்க வேண்டும். லூதரையும் அவன் ஆட்களையும் பிடித்துச் சிறையில் போட வேண்டும். பிறகு பத்திரிகை அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். வழியில் கிரிப்டோனைட் என்ற பொருள் பட்டால் பறக்கும் சக்தி போய்விடும். தோழி லோயிஸ் லேனைச் சந்தித்தால்தான் அது திரும்பக் கிடைக்கும்.

இந்த விளையாட்டை எழுதியவர் ஜான் டன். ஓடிய இயந்திரம் அட்டாரி 2600. அமெரிக்காவில் 1977-இல் விற்பனைக்கு வந்தது. டிவியோடு இணைத்து, விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜைச் செருகி விளையாட வேண்டும்.

அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் இருந்த மொத்த இடம் 4 கிலோபைட், அதாவது 4,096 பைட். அப்போது பல விளையாட்டுகளுக்கு 2 கிலோபைட்தான் கொடுத்தார்கள். அதனால் இதுவே தாராளம்! இன்று செல்போனில் எடுத்த 3 எம்பி புகைப்படம் ஒன்று பிடிக்கும் இடத்தில் இப்படிப்பட்ட 768 விளையாட்டுகளை அடுக்கலாம்.

விளையாடும்போது நடப்பதை நினைவில் வைத்துக்கொள்ள இயந்திரத்துக்கு இருந்த நினைவகமோ வெறும் 128 பைட். இன்றைய கணினிகளில் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லை எழுத 15 பைட் வேண்டும். அப்படியானால் 128 பைட்டில் அந்தச் சொல்லை எட்டு முறை எழுதலாம், ஒன்பதாவது முறைக்கு இடம் போதாது.

இப்போது ஒரு கணக்கு. திரையில் குறுக்கே 160 புள்ளிகள், மேலிருந்து கீழாக 192 வரிகள். பெருக்கினால் 30,720 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் குறித்துவைத்தால்கூட, எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 3,840 பைட் ஆகும். கையில் இருப்பதைப்போல் 30 மடங்கு!

அப்படியென்றால் படம் எப்படித்தான் வந்தது? பழைய டிவியில் ஒரு மின்னணுக் கதிர் மேலிருந்து கீழே வரி வரியாகப் படத்தை வரைந்துகொண்டே வரும். அட்டாரி முழுப் படத்தையும் சேமித்து வைக்கவில்லை. கதிர் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரிக்கு வேண்டியதை மட்டும் அந்தக் கணமே எடுத்துக் கொடுத்தது. தோசைக்கல் காய்ந்திருக்க, சுடச்சுட ஒவ்வொன்றாய் வார்த்துத் தட்டில் போடுவது மாதிரி. ஒரு வரி முடிவதற்குள் இயந்திரத்தின் மூளையான சிப்புக்குக் கிடைத்தது 76 துடிப்புகள். மிகச் சின்ன வேலைக்கே இரண்டு துடிப்பு செலவாகும். ஆக, ஒரு வரிக்கு 38 கட்டளைக்கு மேல் போக முடியாது.

இந்த அவசரத்தில் திரையில் நடமாடும் உருவங்களை வரைய, படத்துக்கென்று இருந்த இன்னொரு சிப்பில் இரண்டே இடங்கள் இருந்தன. மூன்றாவது ஆள் வந்தால்? ஒரு படத்தில் இரண்டு பேர், அடுத்த படத்தில் வேறு இரண்டு பேர் என்று முறை வைத்துக் காட்ட வேண்டியதுதான். நொடிக்கு 60 படம். நான்கு உருவங்கள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது 30 படம்; மீதி 30-இல் ஆளே இருக்க மாட்டார்!

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைச் சுழற்றியிருக்கிறீர்கள் அல்லவா? பொறி ஓரிடத்தில்தான் இருக்கும், நமக்கு முழு வளையம் தெரியும். பார்த்த ஒளியை நம் கண் சிறிது நேரம் பிடித்து வைத்திருப்பதே காரணம். அதே பிடிதான் இங்கும் உதவியது. முறை வைத்துக் காட்டிய நால்வரும் ஒன்றாக இருப்பதுபோலத் தெரிந்தார்கள். ஆனால் இடைவெளி சற்று அதிகமானதால் படம் வெளிறிப்போய் நடுங்கியது.

மற்றக் குறைகளுக்கும் வேர் இங்கேதான். பின்னணிக் காட்சியில் பாதித் திரைக்கு 20 கட்டங்களைத்தான் படச் சிப் நினைவில் வைத்துக்கொண்டது; மறு பாதியில் பெரும்பாலும் அதையே திரும்பக் காட்டினார்கள். கட்டடங்கள் செங்கல் அடுக்கியதுபோல இருந்ததற்கு அதுதான் காரணம். நகரமும் வழுக்கிக்கொண்டு நகரவில்லை. ஓரத்தைத் தொட்டால் சட்டென்று அடுத்த திரை. எந்தத் திரைக்கு அடுத்து எது என்று பிடிபடுவதற்குள் தலை சுற்றிவிடும்.

எல்லாப் பழியையும் இயந்திரத்தின் தலையில் போடவும் கூடாது. ஒரு ஹெலிகாப்டர் வந்து பொருள்களைத் தூக்கி இடம் மாற்றிப் போட்டு எரிச்சலூட்டும். சூப்பர்மேன் தோற்றுப்போக வழியே இல்லை. எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள் என்பது மட்டுமே போட்டி. இவை எழுதியவர் எடுத்த முடிவுகள். பிடித்தவர்களும் உண்டு, சலித்தவர்களும் உண்டு.

ஒரு சின்ன வேலை தருகிறேன். கட்டம் போட்ட நோட்டில் குறுக்கே 8 கட்டம், நெடுக்கே 16 வரி அளந்துகொள்ளுங்கள். 00111100 என்றால் நடுவில் உள்ள நான்கு கட்டங்களுக்கு மட்டும் வண்ணம். ஒரு வரிக்கு ஒரே நிறம்தான். இப்படியே வரி வரியாக ஒரு சூப்பர்மேனை வரையுங்கள். முடித்ததும் உங்கள் வீரனுக்குச் செலவானது 16 பைட். அதன் பிறகு, அந்த 1979 சூப்பர்மேனைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.