கேபிள் லக், கிளாண்ட் விற்பவர் கவனிக்க வேண்டியவை

மிளகு மூட்டையைப் பிரித்ததும் ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது நம் மளிகை வியாபாரிகளுக்குப் பழக்கம். நல்ல மிளகு அடியில் தங்கும். பொக்கும் பப்பாளி விதையும் மிதக்கும். பருப்பு, புளி, வெல்லம் என்று எந்தச் சரக்குக்கும் இப்படி ஒரு சோதனை நம் கையில் உண்டு. ஆனால் அதே வியாபாரி பக்கத்து ஷட்டரில் எலக்ட்ரிகல், ஹார்டுவேர் பிரிவைத் தொடங்கும்போது, அட்டைப் பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதை நம்பிச் சரக்கை அடுக்கிவிடுகிறார்.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் இப்படி இரண்டாவது வியாபாரம் தொடங்கியவர்கள் பலர். 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்த பிறகு, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் சிப்காட்டைச் சுற்றி முளைத்தன. அண்மையில் மின்சார ஸ்கூட்டர் ஆலைகளும் வந்திருக்கின்றன. பெரிய கம்பெனிகள் நம்மிடம் வாங்குவதில்லை. அவர்களுக்கென்று அங்கீகரித்த சப்ளையர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் வருபவர் லேத் பட்டறைக்காரர், கிரானைட் பாலிஷ் போடுபவர், மாங்கூழ் ஆலையின் எலக்ட்ரீஷியன், ரோஜாப் பசுமைக்குடில் வைத்திருப்பவர். மெஷின் நின்றால் அன்றைய கூலி நின்றுபோகும் நிலையில் இருப்பவர்கள் இவர்கள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஏற்பட்ட அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். பையோடு வந்த ஒரு விற்பனையாளரிடம், டின் கோட்டிங் போட்ட காப்பர் லக் என்று சொன்னதை நம்பி சில பாக்கெட்டுகள் வாங்கினேன். வழக்கமான விலையைவிடக் குறைவு. அவற்றில் சிலவற்றை ஒரு கிரானைட் பட்டறைக்காரர் 25 குதிரைத்திறன் மோட்டாருக்காக வாங்கிப் போனார். இரண்டு மாதத்தில் மெயின் சுவிட்சில் ஒரு பேஸின் லக் கருகி அறுந்து, மோட்டார் மீதி இரண்டு பேஸில் முனகிக்கொண்டே ஓடியிருக்கிறது. ஓவர்லோட் ரிலேயை யாரோ ஏற்கெனவே கூட்டி வைத்திருந்ததால் அது விழவில்லை. காயில் எரிந்துபோயிற்று. கருகிய லக்கை அரத்தால் ராவிப் பார்த்தால் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் பூச்சு! காயில் கட்டிய செலவில் பாதியை நான் கொடுத்தேன். அந்த லக்கில் எனக்குக் கிடைத்த லாபம் ஒன்றுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை.

இவ்வளவு சிறிய பொருள் எப்படி இவ்வளவு நாசம் செய்கிறது? கணக்கு எளிது. 25 குதிரைத்திறன் மோட்டார் முழு லோடில் சுமார் 35 ஆம்பியர் இழுக்கும். கேபிளும் லக்கும் சேரும் இடத்தில் பிடிப்பு சரியில்லாமல் 0.02 ஓம் தடை வந்துவிட்டால், 35-ஐ 35-ஆல் பெருக்கி 0.02-ஆல் பெருக்குங்கள், சுமார் 25 வாட் வரும். ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் சாலிடரிங் அயர்னின் சூடு அது. அந்தச் சூடு பெட்டிக்குள் ஒரே புள்ளியில் நாள் முழுக்க நின்றால் என்ன ஆகும்? பி.வி.சி. ஒயரின் உறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்க வேண்டிய பொருள். சூட்டில் உறை இளகும், இணைப்பு இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். எம்.சி.பி. இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். ஓடும் கரண்ட் அதே 35 ஆம்பியர்தான், எம்.சி.பி.க்கு அதில் எந்தத் தவறும் தெரியாது.

லக்கைச் சோதிக்க மூன்று வழிகள் போதும், மூன்றும் கடையிலேயே செய்யக்கூடியவை. முதலில் தராசு. செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். நம்பகமான ஒரு காப்பர் லக்கை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதே சைஸ் புதிய லக்கை நிறுத்துப் பாருங்கள். எடையில் ஒன்றைக் குறைத்து ஏமாற்றுவது தராசுக்காரனிடமே நடக்கிறதே என்பதுதான் வேடிக்கை. அடுத்து அரம். ஓரத்தில் ஒரு கீறல் போட்டால் செம்பின் சிவப்பு தெரிய வேண்டும். மூன்றாவது, லாட்டுக்கு ஒரு லக்கை ஹேக்ஸா பிளேடால் நெடுக அறுத்துப் பாருங்கள். சுத்தமான செம்பாகவே இருந்தாலும் குழாயின் கனத்தைக் குறைத்து, நீளத்தையும் குட்டையாக்கி விற்கிறார்கள். அப்படிப்பட்ட லக்கை அழுத்தினால் வெடிப்பு விடும், கம்பியைப் பிடிக்காது. லைட் டூட்டி, ஹெவி டூட்டி என்று இரண்டும் சந்தையில் இருக்கின்றன. எதை விற்கிறோம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

லக்கின் மேல் 25–8 என்று பொறித்திருந்தால், 25 ஸ்கொயர் எம்.எம். கேபிளுக்கு, 8 மி.மீ. போல்ட்டுக்கு என்று பொருள். கையிருப்பில் 16 இல்லையென்று 25-ஐக் கொடுத்து அனுப்பாதீர்கள். அவர் கம்பியை மடித்துத் திணித்து, கொறடாவால் நசுக்கிப் போட்டுவிடுவார். லக்கை அழுத்துவதற்கு அந்த சைஸுக்கு உரிய டையுடன் கூடிய கிரிம்பிங் டூல் வேண்டும். சிறு பட்டறைக்காரர் பெரிய டூல் வாங்கமாட்டார். நான் ஒரு டூல் வாங்கி வைத்து, நம்மிடம் லக் வாங்குபவருக்கு ஒரு நாள் எடுத்துப்போகக் கொடுக்கிறேன். வாடகை கேட்பதில்லை.

அலுமினிய ஆர்மர்டு கேபிள் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. அலுமினியத்தின் மேல் காற்று பட்டதுமே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகும். அது கரண்டைத் தடுக்கும். அலுமினியமும் செம்பும் நேராகத் தொட்டுக்கொண்டு, ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். சுவிட்சின் முனை செம்பாகவோ பித்தளையாகவோ இருந்தால், ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் செம்புமாக உள்ள பைமெட்டல் லக் கொடுக்க வேண்டும். விலை கூடுதல்தான். கேட்காத வாடிக்கையாளருக்கு இதை நாமாகவே எடுத்துச் சொல்வது நல்லது.

இனி கிளாண்ட். கேபிள் பெட்டிக்குள் நுழையும் வாயில் அது. சிங்கிள் கம்ப்ரஷன் உலர்ந்த அறைக்குப் போதும். கிரானைட் பட்டறையில் கல்தூளும் தண்ணீரும் சேர்ந்த குழம்பு சுவரெல்லாம் தெறிக்கும். பசுமைக்குடிலில் எப்போதும் புழுக்கம். இங்கெல்லாம் ஆர்மரையும் வெளி உறையையும் தனித்தனியாக இறுக்கும் டபுள் கம்ப்ரஷன் கிளாண்ட்தான் சரி. நல்ல பித்தளை கிளாண்டுகள் பெரும்பாலும் குஜராத்தின் ஜாம்நகரிலிருந்து வருகின்றன. காந்தத்தை வைத்துப் பார்த்தால் பித்தளை இழுக்காது. மேலே நிக்கல் பூச்சு இருந்தால் லேசான இழுப்பு தெரியலாம். பலமாக ஒட்டிக்கொண்டால் அது இரும்பு. உள்ளே உள்ள ரப்பர் வளையத்தையும் விரலால் நீட்டிப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் பழைய சரக்கு.

மாங்கூழ் ஆலைக்காரர் சீசனில் அவசரமாக ஓடிவந்து, "ஐ.பி. 67 பிளக் கொடுங்கள், தண்ணீர் போகாதாமே" என்பார். ஐ.பி. எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும் என்பது சோதனை. ஹோஸ் பைப்பில் பீய்ச்சி அடிப்பது வேறு சோதனை; அதற்கு 65 அல்லது 66 என்று இருக்க வேண்டும். தினமும் தரையையும் மெஷினையும் பீய்ச்சிக் கழுவும் இடத்துக்கு 66, 67 இரண்டும் போட்ட பிளக்கைக் கொடுங்கள். 16, 32, 63 ஆம்பியர் என்று வரும் இந்தத் தொழிற்சாலை பிளக்குகளில் 230 வோல்ட்டுக்கு நீலம், 415 வோல்ட்டுக்குச் சிவப்பு.

கொள்முதல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கி.மீ. தூரம்தான். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீங்கிய பிறகு, காலையில் பஸ் ஏறி மதியத்துக்குள் சரக்கோடு திரும்பிவிடலாம். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் உள்ளீட்டு வரி நமக்குக் கிடைக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-வது பிரிவின்படி, தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளை விற்றால், அதனால் நேர்ந்த பாதிப்புக்கு விற்றவரைப் பொறுப்பாளியாக்க முடியும். வாங்கியவர் தொழிலுக்குத்தானே வாங்கினார், அவர் நுகர்வோர் ஆகமாட்டாரே என்று நினைக்க வேண்டாம். தன் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் மாவு மில் வைத்திருப்பவர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே.

ஒயரில் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கும். கூடவே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணை அடித்தால் யாருடைய உரிமம், இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். லக், கிளாண்டில் பெரும்பாலும் இந்த முத்திரையைப் பார்க்க முடியாது. ஆகவே தயாரிப்பாளர் பெயரும் சைஸும் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாக்கெட்டில் மட்டும் பெயர் இருப்பதை நான் வாங்குவதில்லை. பாக்கெட் அச்சடிப்பது பெரிய காரியமில்லை.

எலக்ட்ரிகல் சரக்கே விற்காத மளிகைக்காரரும் தம் கடை ஃப்ரீசரின் பிளக்கையும், மாவு மில்லின் ஸ்டார்ட்டர் பெட்டியையும் ஒருமுறை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மெயினை அணைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒயரின் முனை பழுப்பேறி விறைத்திருந்தால் அந்த இடத்தில் சூடு ஏறுகிறது என்று அர்த்தம். மாவுத் தூசி படிந்த பெட்டியில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அந்த கிரானைட் பட்டறைக்காரர் இப்போதும் நம்மிடம்தான் வாங்குகிறார். ஆனால் சட்டைப் பையில் ஒரு சிறு அரம் வைத்திருக்கிறார். என் எதிரிலேயே லக்கை ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறார்.